அளவறிந்து உண்போம்

(இரண்டாமாண்டு, இளமறிவியல் – வேதியியல்)

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். அதன் பத்துக் குறட்பாக்களில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. அவ்வறிவுரை இன்று நமக்கு மிகவும் தேவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடை உடையவர்கள்.

செவிலிமேட்டில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. குழித்தறியில் அமர்ந்தால் கையும் காலும் அசையும், நடை இராது. மூன்று வேளையும் சோறு, இடையிடையே இனிப்பான தேநீர். என் தந்தையாரின் எடை 81 கிலோவாயிற்று. முழங்கால் வலியால் தறிக்குழியில் இறங்குவதே அரிதாயிற்று. தறி நின்றால் கூலி நிற்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட என் படிப்பும் நிற்கும்.

பட்டினி பயன் தருமா?

எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியதும், அப்பா பத்து நாள் கஞ்சி மட்டுமே குடித்தார். மூன்று கிலோ குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் ஒரே மாதத்தில் மீண்டும் ஏறியது. காரணம் எளிது. உடலில் சேமிப்பாக உள்ள கிளைக்கோஜன், தன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் முதலில் கரைவது அதுவே. அதனால் குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே. மேலும், உணவு குறையக் குறைய உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியோ மிகுகிறது.

ஒரு சிறு கணக்கு

நாளொன்றுக்கு ஐந்து தேநீர். ஒவ்வொன்றிலும் பத்து கிராம் சர்க்கரை. மொத்தம் 50 கிராம். கிராமுக்கு 4 வீதம் 200 கிலோகலோரி, மாதத்திற்கு 6,000. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பது சுமார் 7,700 கிலோகலோரி. தேநீர்ச் சர்க்கரை மட்டுமே எவ்வளவு பெரிய பங்கு என்பதைக் காண்க!

செய்ய வேண்டுவன

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், வாரத்திற்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கின்றன. 2,000 கிலோகலோரி உணவில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்பது அதன் அளவு.

இதை ஒட்டி அம்மா சமையலை மாற்றினார். சோற்றை விடவில்லை, பாதியாக்கினார். அந்த இடத்தில் முருங்கைக்கீரை, அவரைக்காய், சுண்டல் வந்தன. சர்க்கரையை வாரத்திற்குக் கொஞ்சமாகக் குறைத்தார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். அதனால் அப்பாவுக்குத் தனிப் பத்தியம் என்ற சலிப்பு எழவில்லை. திருவிழா நாளில் நெய்யும் மிளகும் மணக்கும் கோயில் இட்லியையும் விலக்கவில்லை. ஒரு துண்டோடு நிறுத்தினோம். மாலையில் அரைமணி நேர நடையும் சேர்ந்தது. பத்து மாதத்தில் எடை 75 கிலோ. முழங்கால் வலியும் தணிந்தது.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது.

நண்பர்களே, பாவில் ஓரிழை ஓரிழையாக ஊடை சேர்ந்துதான் சேலை உருவாகிறது. நல்ல உணவுப் பழக்கமும் அவ்வாறே. இன்றைய தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைப்பதிலிருந்து தொடங்குவோமாக!