ஹெரால்டுக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் போடலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் என்ஜினைப் பிரிக்கப்போகிறோம். அப்படியே ரேஸ் கேம்ஷாஃப்ட் மாட்டிவிடலாமா?
– வாசகர், அய்யலூர்

பதில்: வேண்டாம். சென்னையில் தயாரான அந்தக் காரின் என்ஜின் வெறும் 948 சிசி. ரேஸ் கேம் வால்வை அதிக நேரம் திறந்தே வைத்திருக்கும். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டியவர்களுக்கு அது சரி. சிறுமலை கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் ஏறும் உங்களுக்கு இழுவை போய்விடும், ஐடிலிங்கும் நிற்காது. சாலைக்கான மிதமான கேம் போதும்.

அதைவிட முக்கியம் டாப்பெட். ஒவ்வொன்றையும் தலைகீழாக நிறுத்தி, கேம் உரசும் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது என்று பொருள். குழியாவிட்டாலும் புது கேமுக்குப் பழைய டாப்பெட் ஆகவே ஆகாது; சீக்கிரமே இரண்டும் தேய்ந்துவிடும். புது கேம் போட்டதும் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விடாமல் என்ஜினை 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

ஹெட்டையும் பாருங்கள். 2000-லிருந்து நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அந்த ஈயம்தான் வால்வு சீட்டைக் காத்தது. இப்போது எக்ஸாஸ்ட் வால்வின் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடின சீட் பதிக்கச் சொல்லுங்கள். கேம் மாற்றினால் ஸ்பிரிங்கையும் பாருங்கள்: வால்வு முழுதாகத் திறக்கும்போது அதன் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது.

பணம் குறைவென்றால் கேமைத் தள்ளிப்போடுங்கள், சீட் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவின் பழைய கேமையும் கடையிலேயே விட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.