தரவரிசையில் பிழையா? உடனே முறையிடுங்கள்

பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் வெளியானதும், எதிர்பார்த்த இடம் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். குறைகளைத் தெரிவிக்கக் கிடைப்பதோ சில நாட்கள்தான். பட்டியலில் ஏறிய விவரம் தவறென்றால் திருத்தக் கேட்பது உங்கள் உரிமை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிதான் சேரும். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45 = 181. பட்டியலில் 180.5 என்று இருந்தால் எங்கோ ஒரு மதிப்பெண் விடுபட்டிருக்கிறது. சாதிப் பிரிவையும் சிறப்பு ஒதுக்கீட்டையும் சரிபாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பெயர் இல்லையென்றால், உடனே கேளுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும்

“என் இயற்பியல் மதிப்பெண் 88. தரவரிசையில் 87 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மதிப்பெண் பட்டியல் நகல் இணைத்துள்ளேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.” விண்ணப்ப எண்ணோடு இவ்வளவு எழுதினால் போதும். வீட்டுக் கஷ்டம் உண்மையாகவே இருந்தாலும் அதைக் கொண்டு தரவரிசையை மாற்ற முடியாது. ஆவணம் இருந்தால் முடியும். சேர்க்கை சேவை மையத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மதிப்பெண்ணே குறைவு என்று தோன்றினால்

அதற்குப் போக வேண்டிய இடம் தேர்வுத் துறை. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பாட ஆசிரியரிடம் காட்டி, கூட்டலில் தவறா, திருத்தியதில் தவறா என்று கேட்டுக்கொண்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என முடிவெடுங்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஒன்று ஏறும்; மற்ற இரண்டில் அரை ஏறும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று 2011-லேயே சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதிப்பெண் மாறினால், அது கலந்தாய்வுப் பதிவிலும் ஏறியதா என்று பாருங்கள்.

கலந்தாய்வைக் கோட்டை விடாதீர்கள்

மனு கொடுத்தாயிற்று என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சுற்று வந்தால் கல்லூரி, பாடப்பிரிவு விருப்பங்களைத் தாராளமாகப் பதியுங்கள். ஒதுக்கீடு வந்தால் கெடுவுக்குள் உறுதிசெய்யுங்கள்.

கேட்டுப் பழக்கமில்லாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், சேவை மையத்துக்கு நீங்களும் கூடவே போங்கள்.