ஆடலின் அருமையும் அதனை அளக்கும் எண்ணும்

பொருளின் நிறையை அளக்கத் துலாக்கோல் உண்டு. நீளத்தை அளக்க முழக்கோல் உண்டு. ஒரு செயலின் அருமையை அளக்கும் கோல் யாது? நெடுங்காலமாக ஆசிரியரின் கண்ணே அக்கோலாக இருந்து வந்தது. அதனை விடுத்து, அருமையை எண்ணால் அளக்கலாம் எனத் துணிந்தவர் பலர். அவருள் தாளத்திற்கு இசைய ஆடும் பொறிவிளையாட்டுகளை ஆக்கியோரின் முயற்சி பெரிதும் ஆராயத்தக்கது. தமிழ்ப் பகுதியில் இதற்கு இடம் ஏன் என அன்பர் சிலர் வினவக்கூடும். தாளமும் கூத்தும் நமக்கு அயலான பொருள்கள் அல்ல. ஏனைய தொடர்பு போகப்போக விளங்கும்.

ஜப்பானிய நிறுவனமாகிய கொனாமி 1998-ஆம் ஆண்டு 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆடுவார் நிற்கும் மேடையில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புக்குறிகள் உள. எதிரிலுள்ள திரையில் அம்புகள் கீழிருந்து மேலெழுந்து வரும். அவை உச்சியிலுள்ள தத்தம் வடிவங்களோடு பொருந்தும் நொடியில், மேடையில் அதற்குரிய குறியை மிதித்தல் வேண்டும். பாட்டின் தாளமும் மிதிக்கும் காலும் ஒன்றுதல் இதன் உயிர்நிலை. ஒவ்வொரு பாட்டின் அருகிலும் அதன் அருமை பாத வடிவங்களால் குறிக்கப்பட்டது. ஒரு பாதம் எனின் குழந்தையும் ஆடலாம். ஒன்பது எனின் வல்லாரும் வியர்ப்பர்.

தொடக்ககாலப் பதிப்புகளில் இவ்வளவை ஒன்பதுக்குள் அடங்கிற்று. ஆடுவாரின் ஆற்றலோ அடங்கவில்லை. மேற்படியில் நிற்பார் பெருகப் பெருக, அவர்க்கெனப் புதிய பாட்டுகள் கடுமையாக அமைக்கப்பட்டன. கூரை தாழ்ந்த வீட்டில் நெட்டையனும் அவனினும் நெட்டையனும் ஒருங்கே குனிந்து நிற்பது போல, அருமையில் தம்முள் பெரிதும் வேறுபட்ட பாட்டுகள் ஒரே எண்ணின்கீழ் நெருங்கி நின்றன. 2001-ஆம் ஆண்டு நிமிடத்திற்கு முந்நூறு தட்டு, அஃதாவது நொடிக்கு ஐந்து தட்டு, ஓடும் 'மேக்ஸ் 300' என்னும் பாட்டு வெளிவந்தது. அதே பதிப்பில் ஆக்கியோர் பாதக்குறியை அறவே நீக்கிவிட்டு, ஐங்கோண வரைபடம் ஒன்றை வைத்தனர். அருமை என்பது ஒன்றன்று, ஐந்து என்பது அவர் கண்ட முடிபு.

அவ்வைந்தினையும் தமிழிற் கூறின்: பாட்டு முழுதும் மிதிகள் எத்துணைச் செறிவாய் ஓடுகின்றன என்னும் ஒழுக்கு, மிகச் செறிந்த இடத்தின் உச்சம், இரு கால்களும் ஒருங்கு குதிக்கும் தாவல், மிதித்த காலை எடாது நிறுத்தும் தங்கல், தட்டிலே விழாமல் தட்டுகளின் இடையிலே விழும் பிறழ்வு. இவ்வாறு பிரித்ததால் ஒருவன் தாவலில் வல்லவனாயினும் பிறழ்வில் இடறுவான் என்பது வெளிப்படையாயிற்று. எனினும் மறு ஆண்டே, 2002-இல், பாத எண் மீண்டது. 'மேக்ஸ் 300' பத்து என்னும் எண் பெற்றது. வரைபடமும் எண்ணின் அருகிலே நின்றது. பொறியின்முன் காசை இட்டு நிற்பவன் ஐந்து மூலைகளை எண்ணிப் பாரான். 'என்னால் ஆமா, ஆகாதா' என்றே வினவுவான் என்பது நம் கருத்து. 2008-இல் அளவை இருபது வரை நீட்டப்பட்டது. பத்தினுள் முடங்கிக் கிடந்தவை அதன்பின்னரே பல படிகளாக விரிந்தன.

இனி நம் மரபை நோக்குவோம். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். பொன் எண்ணப்பட்டது, ஆயின் அஃது ஆடியவளின் மதிப்பு, ஆடலின் அருமை அன்று. அவள் ஆடிய பதினோராடலையும் நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து என உடல்நிலை பற்றிப் பகுத்தனரேயன்றி, எளியது அரியது எனப் பகுத்திலர்.

எண் நிறைந்திருப்பது தாள இலக்கணத்தில். துருவம் முதலிய ஏழு தாளங்களும் திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து சாதிகளால் உறழ்ந்து முப்பத்தைந்து ஆகும். இவற்றுட் சிறியது மூன்று எண்ணிக்கையுடைய திசிர ஏகம். பெரியது இருபத்தொன்பது எண்ணிக்கையுடைய சங்கீர்ண துருவம். மூன்றிலிருந்து இருபத்தொன்பது வரை இயற்கையாகவே ஓர் ஏணி அமைந்தாற்போலத் தோன்றும். அவ்வேணியை நம்புவார் விரைவில் ஏமாறுவர். எட்டு எண்ணிக்கையுடைய ஆதி தாளத்தைச் சிறுவரும் போடுவர். அதனிற் குறைந்த ஏழு எண்ணிக்கையுடைய மிசிர சாபு, மூன்றும் நான்குமாய்ச் சாய்ந்து நடத்தலின், புதியவர் கையை வழுக்கிவிடும். ஆதி தாளத்துள்ளும் பாட்டு சமத்தில் எடாது சற்றுத் தள்ளி எடுக்குமாயின் அதன் முகமே வேறு. ஞாயிறுதோறும் ஆலயத்திற் கீர்த்தனை பாடுவார் இதனை அறிவர். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆயினும் சபை தடுமாறுவது பெரும்பாலும் தாளத்தில் அன்று, எடுப்பிலேயே. பொறிவிளையாட்டார் 'பிறழ்வு' எனத் தனியே பிரித்தது ஏறக்குறைய இதனையே.

விரைவே அருமை என்பது எண்ணின் மற்றொரு மயக்கம். காரைக்குடி என்றதும் இசையறிந்தார்க்கு நினைவில் எழுவோர் வீணைச் சகோதரர்களாகிய சுப்பராம ஐயரும் (1883–1936) சாம்பசிவ ஐயரும் (1888–1958) ஆவர். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். இளையவர் கிடைநிலையில் வாசிப்பார். இருவர் வாசிப்பு ஒருவர் வாசிப்பாய் ஒலிக்க வேண்டுமெனின், ஒலிகளின் இடைவெளியை இருவரும் ஒரே அளவாய் உள்ளத்தில் தாங்குதல் வேண்டும். காலம் தாழத் தாழ அவ்விடைவெளி அகலும். அகன்ற இடைவெளியிற் பிழை புக வாயில் மிகுதி. தாளத்தின் ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்து நிறுத்தும் இரண்டு களையில் பாடிப் பழகியோர், விரைந்த பாட்டில் வேகமே தம்மை இழுத்துச் செல்லும் என்றும், தாழ்ந்த பாட்டில் தாமே தம்மை நடத்த வேண்டும் என்றும் கூறுவர். வியப்பு யாதெனின், பொறிவிளையாட்டிலும் இவ்வுண்மை உண்டு. மெதுவான பாட்டில் அம்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கி, எது முன் எது பின் எனக் கண்ணுக்குப் புலப்படாமல் மயக்கும். ஆதலின் அம்புகள் எழும் விரைவை ஆடுவாரே பெருக்கிக்கொள்ளும் வசதி பின்னர் வந்தது. காலுக்கு எளியது கண்ணுக்கு அரிதாயிற்று.

இவை யாவும் தனியொருவரின் அருமை. பலர் கூடி ஆடும் கோலாட்டத்திற்கு எந்த எண்ணை இடுவது? பின்னற் கோலாட்டத்தில் உச்சியிற் கட்டிய கயிறுகளின் நுனிகளை ஏந்தி, ஒருவர் உள்ளும் ஒருவர் புறமுமாய் மாறிமாறிச் சுற்றப் பின்னல் விழும். திரும்பச் சுற்ற அவிழும். கால்வைப்பு மிக எளிது. பொறியின் அளவையில் அதற்கு இரண்டு பாதம் கொடுத்தாலே மிகுதி. ஆயினும் எண்மருள் ஒருவர் உள்ளே செல்ல வேண்டிய இடத்திற் புறமே சென்றால், பின்னுங்கால் பிழை தெரியாது; அவிழ்க்குங்கால் முடிச்சாய் நிற்கும். அப்பொழுது பிழைத்தவர் யார் என அறிவதும் அரிது. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும் பெண்கள் புதியவளைத் தேர்ந்தவர் இருவரின் இடையே நிறுத்துவர். அவளுடைய அருமையை அளப்பதில்லை, பங்கிட்டுக்கொள்கின்றனர்.

இது வெறும் ஆராய்ச்சியோடு நிற்பதாயின் கவலையில்லை. காரைக்குடியில் ஒரு போட்டியை நாம் பார்வையாளராய் இருந்து கண்டோம். மதிப்பெண் தாளில் விரைவுக்கு ஒரு கட்டம் இருந்தது. தாழ்ந்த காலத்திற்கு இல்லை. சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த முதிய மகளிர் குழுவினர் தொடக்கத்தில் நெடுநேரம் மெல்ல ஆடி, காலம் சிறிதும் நெகிழாமற் காத்து, பின்னரே விரைந்தனர். அவர்க்குப் பரிசு இல்லை. மறு ஆண்டு அதே குழு வந்தது; அந்த மெல்லிய பகுதி வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே விரைந்து ஆடி, மூன்றாம் பரிசு பெற்றுச் சென்றனர். அளவை ஆடலை அளந்ததோடு நில்லாது அதனை வெட்டியும் விட்டது. அப்பகுதியைக் கற்ற இளையவர் அக்குழுவில் ஒருவரும் இலர் என்று பின்னர் அறிந்தோம்.

ஆதலின் கல்லூரி விழாவிற்கென நாம் பழகும் கோலாட்டத்தில், ஒவ்வோர் அடைவின் எதிரிலும் எண் இடாமல் மூன்று சொற்கள் எழுதி வருகிறோம்: காலம் தாழ்ந்ததா விரைந்ததா, எடுப்புச் சமமா தள்ளியதா, பிழைத்தால் ஒருவரோடு போமா, குழுவைக் கலைக்குமா. விரைந்தவை எனக் குறித்த நான்கனுள் மூன்று அடைவுகள் முதல் வாரத்திலேயே கைகூடின. தாழ்ந்தது எனக் குறித்த ஒன்று இரண்டு திங்களாகியும் இன்னும் ஒருநாள் ஒட்டியும் மறுநாள் பிரிந்தும் நிற்கிறது. பின்னலை அவிழ்க்கும் பகுதிக்கு என்ன எழுதுவது என்பதில் நம்முள் இன்னும் உடன்பாடு இல்லை. தாளில் அவ்விடம் வெறிதாகவே இருக்கிறது.