கெண்டைக்காலில் பட்ட பல்

தம்பிக்கு,

ஓடும் சைக்கிளை நாய் துரத்துவதற்கு முன்பகை எதுவும் தேவையில்லை. கண்ணெதிரே வேகமாக நகர்வதை விரட்டுவது அதன் பிறவிக் குணம். தன் எல்லை என்று அது வைத்திருக்கும் தெருவுக்குள் ஒருவர் விரைந்து நுழைந்து விரைந்து வெளியேறினால், விரட்டியதற்குப் பலன் கிடைத்ததாகிறது. மறுநாள் இன்னும் மும்முரமாக வரும். தெருநாய், வீட்டு நாய் என்ற பேதம் இதில் இல்லை. கேட் திறந்து கிடக்கும் வீட்டின் நாய்க்கு வாசல் ரோடும் வீட்டைச் சேர்ந்ததுதான். “ஒண்ணும் பண்ணாது” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் கொடுப்பவரின் நாய்தான் முதலில் கடிக்கும் என்பது பெரியப்பாவின் நெடுநாள் கருத்து.

வேகமாக மிதித்துத் தப்பிவிடலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் பலிப்பதில்லை. சாதாரண நாட்டு நாய்கூடக் கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். காலை நீட்டி உதைத்தால் ஹேண்டில்பார் ஆடும். உதைக்கிற கால்தான் அதன் வாய்க்கும் அருகில் போகும். நாய் முன்சக்கரத்தில் வந்து விழுந்துவிட்டால், கடியைவிடத் தார் ரோட்டில் விழும் அடி பெரிதாகும். எனவே மிதிப்பதை நிறுத்தி, இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து, நாய் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்கிவிட வேண்டும். பிறகு சைக்கிள்தான் வேலி. அதை நடுவில் வைத்துக்கொண்டு, கத்தாமல், அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெல்ல நடந்து அந்த எல்லையைக் கடப்பது நல்லது. துரத்துவதற்கு ஓட்டம் இல்லாதபோது பல நாய்கள் குரைப்பதோடு நின்றுவிடும். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் தெருநாய் பின்வாங்கும். அடி வாங்கியறியாத வீட்டு நாய்க்கு அந்தப் பாடம் தெரியாது.

கடித்துவிட்டால் முதல் மருந்து குழாயடியில் இருக்கிறது. ஓடும் தண்ணீரைக் காயத்தின் மேல் விட்டு, சோப்பு நுரை பல் பதிந்த குழிக்குள் இறங்கும்படி 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பலரும் இரண்டு நிமிடத்தில் துண்டை எடுத்துவிடுகிறார்கள். எரிந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுவதுதான் கணக்கு. அதன்பின் பொவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடுவதும் அவசரப்பட்டுத் தையல் போடுவதும் தவறு.

அடுத்தது அரசு மருத்துவமனை. அங்கே நாய்க்கடி ஊசி இலவசம். பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம். கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்ததைப் போனில் “கீறல்” என்று சொல்வதால் வகை மாறிவிடாது. இந்த வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; அந்த இடைவெளியைக் காக்க இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்துகிறார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் அதைப் போட்டாக வேண்டும். இந்தக் கடிக்கு அது முதல் நாளே போடப்பட்டது என்று கேட்ட பிறகுதான் பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது.

தடுப்பூசியைத் தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லிலிட்டர். சதையில் போடுவதானால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. பழைய கதை வேறு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில், தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இந்தியாவில் அது கைவிடப்பட்டு இருபது ஆண்டு ஆகிறது. அந்த 14 ஊசிக்குப் பயந்துதான் நாய் கடித்தபோது சின்னத் தாத்தா பச்சிலைக்காரரிடம் போனார். “வளர்த்த நாய்தானே” என்று அன்றைக்கும் நாலு பேர் சொன்னார்கள். கடித்த காயம் ஆறிப்போயிருந்தது. வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேல். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம். தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோனதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். மிச்சத்தை எழுத வேண்டியதில்லை.

கடித்த நாய் பத்து நாளும் நலமாக இருந்தால், மீதி ஊசியைக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் நாயை நேரில் பார்த்தவர் யார் என்ற கேள்வி இருக்கிறது. உரிமையாளர் போனில் “நல்லா சாப்பிடுது” என்றால் அது சான்றாகாது. அவருக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு: தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 28ஆம் நாள் ஊசியைப் போடுவதா விடுவதா என்பது வயது வந்த பிள்ளையின் சொந்த முடிவு. போட்டால் அரை நாள் லீவு போகும். போடாவிட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை.

சைக்கிள் ஓட்டுவதில் இங்கே யாருக்கும் மனக்குறை இல்லை. விடியுமுன் எழுந்து ஓட்டுகிற பிள்ளை என்று பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது முன்விளக்கும், தேய்ந்த பின் டயருக்குப் பதில் புதிதும் பெரியப்பா கணக்கில் வாங்கித் தரப்படும், அதிரசமும் உண்டு. அதற்கு முன், 28ஆம் நாள் ஊசி போட்ட சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பவும்.

அன்புடன்,
பெரியப்பா