ஊரிகத்துத் தூசியில் லோடு வண்டிக்கு ப்ளக் மாற்றும் முறை

கோலார் மண்டியில் தக்காளி ஏற்றி ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஓடும் சின்ன லோடு வண்டிகளில் லட்சம் கிலோமீட்டர் தாண்டியவை நிறைய. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லாமல் திணறினால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், நிற்கும்போது எஞ்சின் குலுங்கினால், மீட்டரில் எஞ்சின் விளக்கு சிமிட்டினால் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்போம். பெரும்பாலும் காரணம் ப்ளக், இல்லையென்றால் காயில். இரண்டையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

இது பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளுக்கான வேலை. டீசலில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. அதிலிருப்பது ஹீட்டர் ப்ளக், அது வேறு கதை. குட்டி யானை என்று பேர் வாங்கிய டாடா ஏஸ் 2005-ல் டீசலில்தான் வந்தது. பெட்ரோல் ஏஸ் பின்னால் வந்தது. பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளைப் பார்த்துவிட்டு ப்ளக் வாங்கப் போங்கள்.

சாதா நிக்கல் ப்ளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் ப்ளக் லட்சத்தை நெருங்கும். சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்குப் பொறி விழ அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் ப்ளக்கும் காயிலும் சீக்கிரம் களைத்துவிடும். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நம்பர் ப்ளக்கையே, தெரிந்த கடையில், எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து வாங்குங்கள். போலி ப்ளக் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தேவையானவை: ராட்செட், நீட்டுக் கம்பி, உள்ளே ரப்பர் வைத்த ப்ளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 எம்.எம்., சில வண்டிகளுக்கு 14), காயில் போல்ட்டுக்கு 10 எம்.எம்., ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர். டார்க் ரெஞ்ச் கிடைத்தால் நல்லது. இதோடு குழியை ஊதிச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்று. நம் ஊரில் அது இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

காரணம் இங்கே தங்கச் சுரங்கம் விட்டுப்போன சயனைடு மண் மேடுகள். நூறு வருஷத்துக்கு மேல் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சியது மூன்று கோடி டன்னுக்கும் மேல். ஆடிக் காற்று எழுந்தால் அந்தப் பொடி திண்ணை, தட்டு, துணி எல்லாவற்றிலும் படியும். ப்ளக் உட்காரும் குழியிலும் இறங்கும். அதில் இருப்பது வெறும் புழுதி மட்டுமல்ல, குவார்ட்ஸ் துகளும்தான். ப்ளக்கைக் கழற்றும் கணத்தில் அது சிலிண்டருக்குள் விழுந்தால், பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் சுவரை உப்புத்தாள்போல் தேய்க்கும். சில நூறு ரூபாய் வேலை எஞ்சின் வேலையாக முடியும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும்; இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் இன்னும் உத்தமம். சூட்டில் அலுமினிய ஹெட்டிலிருந்து ப்ளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். சி.என்.ஜி. வண்டியென்றால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். இந்த வண்டிகளில் இருக்கையைத் தூக்கினாலே எஞ்சின் தெரியும்.

காயில்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதுங்கள். ஒரு சிலிண்டரை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல வருஷச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும். போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருப்பி மேலே தூக்குங்கள்.

இப்போது குழிக்குள் காற்று அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ப்ளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஒருமுறை காற்று அடித்துவிட்டு முழுதாகக் கழற்றுங்கள். இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம்; துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள்.

கழற்றிய ப்ளக்குகளை வரிசை மாறாமல் வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். இங்கே அது சீக்கிரம் அடைக்கும். நுனியில் எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் குற்றம் மேல்மூடி கேஸ்கெட்டில். அதை மாற்றாமல் ப்ளக்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு.

புதுப் ப்ளக்கின் இடைவெளியை அளந்து பாருங்கள். பொதுவாக 0.8 முதல் 1.1 எம்.எம்.; சி.என்.ஜி.க்குக் குறைவாகச் சொல்வார்கள், புத்தகத்தில் உள்ளதே முடிவு. இரிடியத்தின் ஊசி நுனியை எதனாலும் நெம்பாதீர்கள். ராட்செட் இல்லாமல், சாக்கெட்டையும் நீட்டுக் கம்பியையும் கையால் பிடித்துத் திருகி ஏற்றுங்கள். விரலுக்கே லேசாக ஏற வேண்டும். தடை தட்டினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள். உட்கார்ந்ததும் முறுக்க வேண்டியது, மரை 12 எம்.எம். என்றால் 15–20 நியூட்டன் மீட்டர், 14 என்றால் 25–30. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். புது வாஷருக்குச் சுமார் அரைச் சுற்று.

காயிலுக்கு வருவோம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து பெரும் வோல்டேஜில் மின்சாரம் வாங்கிய ஊர் இது. கசிவு என்றால் என்னவென்று இங்கே சொல்லித் தர வேண்டியதில்லை. பேட்டரியின் 12 வோல்ட்டை இந்தக் காயில் 20,000-க்கு மேல் ஏற்றுகிறது. ரப்பர் உறையில் முடியளவு விரிசல் இருந்தாலும் பொறி வழி தவறும். வெளிச்சத்தில் உறையைச் சுற்றிப் பாருங்கள்: நீளவாக்கில் மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் அங்கேதான் கசிவு. எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர், துருவேறிய ஸ்பிரிங், பச்சை பூத்த பின் ஆகியவையும் குற்றவாளிகள்.

இரண்டு பின் உள்ள காயிலில் மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் அரை முதல் 2 ஓம் காட்டும். மூன்று, நான்கு பின் உள்ளதை இப்படி அளக்க முடியாது. எதுவானாலும் நம்பகமான சோதனை இடம் மாற்றிப் பார்ப்பதுதான். ஸ்கேனரில் பி0301 என்ற கோட் வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலை இரண்டாவதில் போட்டு, ஸ்கேனரில் அந்தக் கோட்-ஐ அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 ஆக மாறினால் காயில் போய்விட்டது. எஞ்சின் சூடேறும் வரை ஓட்டுங்கள், ஏனென்றால் குளிரில் ஒழுங்காகவும் சூட்டில் மக்கராகவும் நடக்கும் காயில்கள் உண்டு. காயிலைக் கழற்றிக் கையில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஆளுக்கும் ஆபத்து, கசிந்த கேஸ் இருந்தால் வண்டிக்கும் ஆபத்து.

எல்லாம் மாட்டியபின் லோடோடு பங்காருப்பேட்டை வரை ஒரு நடை போய் வாருங்கள். ப்ளக்கும் காயிலும் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையென்றால், இன்னொரு காயில் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.