நிழலில் வளரும் மணிபிளாண்ட்

ஊராட்சி மன்ற அலுவலகங்களிலும், அங்கன்வாடி மையங்களிலும், ஊர்ப்புற நூலகங்களிலும் இக்காலத்தில் மணிபிளாண்ட் கொடி இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். மேசையின்மேல் ஒரு பாட்டிலில் நீர் ஊற்றி அதில் ஒரு தண்டைச் செருகி வைக்கின்றனர். அல்லது சிமெண்டுத் தொட்டியில் நட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்துகின்றனர். விலை கொடுத்து வாங்க வேண்டாத கொடி இது. அண்டை வீட்டில் ஒரு துண்டு கேட்டுப் பெற்றாலே போதும். கேளாமல் எடுத்து வந்தால்தான் செல்வம் சேரும் என்றொரு பேச்சும் உண்டு. அது திருடுகிறவர்களுக்கு வசதியான சாஸ்திரமேயன்றி வேறில்லை. எளிதாகக் கிடைப்பதனாலேயே இக்கொடியை எவரும் பொருட்படுத்துவதில்லை. கவனிப்பாரற்று அது வாடிப்போவது சிறிய நஷ்டமே. ஆனால் அது நிற்கும் நீரில் கொசு பெருகுவதும், தவழும் குழந்தை அதன் இலையைக் கடித்துவிடுவதும் சிறிய விஷயங்கள் அல்ல. ஆகவே இதனை வளர்க்கும் முறையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பசிபிக் மாகடலில் டஹிட்டித் தீவையடுத்துள்ள மோரியா என்னும் சிறு தீவே இதன் தாயகம். தாவர நூலார் இதனை எபிப்ரெம்னம் ஆரியம் என்பர். சேம்பு, சேனை, கருணை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. காட்டில் பெருமரங்களின் அடியில் வளர்ந்து, கணுவேர்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும். தொட்டியில் உள்ளங்கையளவே காணும் இலை, மரமேறியபின் இரண்டு மூன்றடி நீளத்துக்கும் வளர்ந்துவிடும். நாம் வளர்க்கும் கொடிகள் பூப்பதில்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இக்கொடியால் இயலவில்லை என 2016-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் தெரிவித்துள்ளனர். ஆகவே தண்டை வெட்டி நட்டே இதனைப் பெருக்குகிறோம்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போருக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. வெற்றிலை வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அகத்தியின் நிழலில் வடிந்து விழும் வெளிச்சமே அதற்கு உகந்தது போல, இதற்கும் நேர்வெயில் ஆகாது. முழு இருட்டும் ஆகாது. பகலில் விளக்கேற்றாமல் நாளேட்டைப் படிக்கக்கூடிய இடம் எதுவோ அதுவே இதற்குப் பொருத்தமான இடம். வடக்கு அல்லது கிழக்குச் சன்னலின் ஓரம் மிக நன்று. பிற்பகல் வெயில் பட்டால் இலை கருகும். இருண்ட மூலையில் வைத்தால் இலையிலுள்ள மஞ்சள் கோலம் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு கொடி மெலியும். பீரோவுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வளரவில்லையே என்று குறைகூறுவதில் பயனில்லை.

நடுவதற்கு இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஒரு கணுவேனும் மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். கணுவில்லாத துண்டும் தனி இலையும் புதுக்கொடியாக வளரமாட்டா. செம்மண் இரண்டு பங்கும், மணல் ஒரு பங்கும், நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கும் கலந்தால் போதும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் அவசியம். துளையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்து மண் நிரப்ப வேண்டும். தேங்காய் நார் சுற்றிய கழி ஒன்றை நடுவில் ஊன்றினால், கொடி அதைப் பற்றி ஏறி இலையும் பெரிதாகும்.

இக்கொடி நீரின்றிச் சாவது குறைவு. நீர் மிகுந்து சாவதே அதிகம். பொது அலுவலகங்களில் இது எவ்வாறு நேர்கிறது என்பதை அன்பர்கள் எண்ணிப்பார்க்கலாம். காலையில் கூட்டுபவர் ஒரு சொம்பு ஊற்றுவார். நண்பகலில் எழுத்தர் ஊற்றுவார். மாலையில் தலைவர் தாம் குடித்து மிஞ்சிய நீரையும் அதிலேயே ஊற்றிச் செல்வார். மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. வேர் அழுகி இலை மஞ்சளாவதைக் கண்டதும், தாகம் என்று கருதி நான்காமவரும் ஊற்றுவார். ஆதலால் இப்பணியை ஒருவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். மண்ணில் விரலை ஓர் அங்குல ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றலாகாது. காய்ந்திருந்தால் அடித்துளை வழியே நீர் கசியும்வரை ஊற்றி நிறுத்திவிட வேண்டும். வறட்சியால் துவண்ட இலை நீர் பெற்றதும் நிமிர்ந்துவிடும். அடியிலைகள் மஞ்சளாகித் தண்டின் அடி கறுத்து, மண்ணில் கெட்ட வாடை வீசினால் அது அழுகலே. அப்போது நோயற்ற மேல் தண்டை வெட்டிப் புதிய மண்ணில் நடுவதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

இனி, நீரில் வளர்ப்பதைப் பற்றிக் கூறுவோம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. பாட்டிலிலும் பூஞ்சாடியிலும் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. நமது வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு எட்டு முதல் பத்து நாட்கள் போதும். தெருவில் கிடக்கும் டயரையும் சிரட்டையையும் அகற்றிவிட்டு, அலமாரியின்மேல் இருக்கும் மணிபிளாண்ட் பாட்டிலை மறந்துவிடுதல் எளிது. வாரம் ஒருமுறை நீரை மாற்றுவது மட்டும் போதாது. இக்கொசு முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பழைய நீரைக் காய்ந்த தரையில் கொட்டி, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்து, வேரையும் அலசிய பிறகே புதுநீர் ஊற்ற வேண்டும். தொட்டியின் கீழ் வைக்கும் தட்டிலும் நீர் தேங்கலாகாது. அதில் மணலை நிரப்பிவிடலாம். வாரந்தோறும் இவ்வளவு செய்ய ஆளில்லாத பொதுக் கட்டடங்களில் பாட்டிலை அகற்றிக் கொடியை மண்ணுக்கு மாற்றிவிடுதலே நன்று என்பது நமது கருத்து.

கருணைக்கிழங்கைப் புளி சேர்த்துச் சமைப்பதன் காரணத்தை நம் தாய்மார் நன்கறிவர். அக்கிழங்கில் நமைச்சலை உண்டாக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. குழந்தை மென்றுவிட்டால் வாய் எரியும், எச்சில் வடியும், உதடும் நாக்கும் வீங்கக்கூடும். உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. வாயிலுள்ள துணுக்குகளைத் துடைத்தெடுத்து, வாயைக் கழுவிக் குளிர்ந்த நீர் பருகத் தரலாம். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கன்வாடி மையத்தில் இக்கொடியை வைப்பதானால், தொங்கும் நுனியும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஆடு மாடுகளின் தீவனத் தொட்டியிலும் வெட்டிய கொடியைப் போடலாகாது.

உரம் அதிகம் வேண்டா. மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போதுமானது. மாவுப்பூச்சி கண்டால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். அறைக் காற்றைத் தூய்மை செய்யும் என்று கூறி இக்கொடியை விற்போர் உளர். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து நடத்தப்பட்டது. சாதாரண அறையில் சில செடிகளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2019-இல் வெளியான மறு ஆய்வு காட்டியது. நல்ல காற்று வேண்டுவோர் சன்னலைத் திறப்பதே முறை.

கொடி அளவுக்கு மீறி நீண்டால் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டால் பக்கத்தில் தளிர்க்கும். கையில் சாறு பட்டு அரித்தால் உடனே கழுவ வேண்டும். வெட்டிய துண்டுகளை வாய்க்கால் கரையிலும், கோயில் காட்டிலும், ஏரிக்கரை மரங்களின் அடியிலும் வீசலாகாது. ஒரு கணு ஈரமண்ணில் பட்டாலும் வேரூன்றி மரமேறிவிடும். இலங்கையில் இவ்வாறு காடுகளுக்குள் பரவி, அங்குள்ள இயற்கைச் செடிகளை இக்கொடி மூடிவிட்டது. நடுவதற்கு வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைச் சிமெண்டுத் தளத்தில் பரப்பிச் சருகாகும்வரை வெயிலில் உலர்த்திய பிறகு எருக்குழியில் இடலாம்.