ஒரு சிக்ஸர் போதுமாயிருந்தது

2023 செப்டெம்பர் 5ஆம் திகதி இரவு, எங்கள் பேலியகொடை வீட்டில் உம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டும் ஒருவரும் எழும்பவில்லை. லாகூர் கடாபி மைதானத்தில் ஆசியக் கிண்ணப் போட்டி. இலங்கை 8 விக்கெட்டுகளுக்கு 291. ஆப்கானிஸ்தான் துரத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்கு வெற்றி மட்டும் போதாது, 37.1 ஓவரில் வெல்ல வேண்டும் என்றார்கள். "வென்றால் வென்றதுதானே, இதென்ன நிபந்தனை?" என்று உம்மா கேட்டார். நானாவால் விளக்க முடியவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

புள்ளிப் பட்டியலில் முதலில் பார்ப்பது வெற்றியைத்தான். வென்றால் 2 புள்ளிகள், தோற்றால் ஒன்றுமில்லை. அந்தக் குழுவில் மூன்றே அணிகள். பங்களாதேஷ் ஆப்கானிஸ்தானையும், இலங்கை பங்களாதேஷையும் வென்றிருந்தன. அன்று ஆப்கானிஸ்தான் வென்றால் மூவருக்கும் ஒவ்வொரு வெற்றி. அடுத்த சுற்றுக்குப் போவதோ இரண்டு அணிகள். அப்போது தீர்ப்புச் சொல்வது நிகர ஓட்ட வேகம்.

தொடர் முழுவதும் ஓர் அணி எடுத்த ஓட்டங்களை அது ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். அதிலிருந்து, எதிரணிகள் அதற்கெதிராக எடுத்த வேகத்தைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு போட்டியின் வேகத்தையும் தனித்தனியே எடுத்துச் சராசரி பார்ப்பதல்ல. நான் முதலில் அப்படித்தான் பிழையாகச் செய்தேன். திருத்தியவர் வாப்பா. அவர் மீன் சந்தையில் வியாபாரம் செய்பவர். "கிலோ ஆயிரத்துக்குப் பத்துக் கிலோவும், ஆயிரத்தைந்நூறுக்கு நாற்பது கிலோவும் எடுத்தால் என் விலை ஆயிரத்து இருநூற்றைம்பதா மகள்?" என்றார். இல்லை, 1400. மொத்தக் காசை மொத்த நிறையால்தான் வகுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். 37.4 ஓவர் என்பது தசமம் அல்ல. 37 ஓவரும் 4 பந்தும், அதாவது 37.67. அடுத்தது, சகல விக்கெட்டுகளையும் இழந்தால் 20 ஓவரில் சுருண்டாலும் 50 ஓவர் ஆடியதாகவே கணக்கு.

லாகூருக்கு வருவோம். 37 ஓவர் முடிவில் ஆப்கானிஸ்தான் 289. ஒரு பந்தில் 3 ஓட்டங்கள் வேண்டும். முஜீப் உர் ரஹ்மான் தூக்கியடித்துப் பிடிகொடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நானா துள்ளினார். உண்மையில் முடியவில்லை. 37.4 ஓவருக்குள் 295ஐத் தொட்டாலும் இலங்கையைத் தாண்டியிருப்பார்கள். மூன்று பந்துகளில் ஒரே ஒரு சிக்ஸர். மறுமுனையில் ரஷீத் கான் நின்றார். பரூக்கியோ இரண்டு பந்துகளைத் தடுத்துவிட்டு, மூன்றாவதில் ஆட்டமிழந்தார். இந்தக் கணக்கைத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று பயிற்சியாளர் ஜொனதன் ட்ரொட் பிறகு சொன்னார். 2 ஓட்டங்களால் இலங்கை தப்பியது. பிறகு கெத்தாராம இறுதிப் போட்டியில் நாம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்ட கதையை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இரண்டு மாதத்தில் அதே கணக்கு நம் கழுத்துக்கு வந்தது. உலகக் கிண்ணத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால்தான் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடலாம். இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் தலா இரண்டு வெற்றிகள், 4 புள்ளிகள். பங்களாதேஷின் வேகம் மறை 1.087, நம்முடையது மறை 1.419. எட்டாமிடம் அவர்களுக்கு, ஒன்பதாமிடம் நமக்கு.

நமது ஒன்பது போட்டிகளையும் கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். எடுத்தது 424 ஓவர்களில் 2048 ஓட்டங்கள். கொடுத்தது 393.5 ஓவர்களில் (இங்கே இது தசமம்தான்) 2459. மும்பையில் இந்தியாவின் 357க்கு எதிராக நாம் எடுத்தது 55. அதற்கும் 50 ஓவர்கள் சேர்ந்தன. அன்று தோற்றாலும் 200 எடுத்திருந்தால் நம் வேகம் மறை 1.077. எட்டாமிடம் நமக்கே.

நானா இன்னும் நம்பவில்லை. கல்குலேட்டரை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.